சிவப்பு வராத திரை

திருச்சுழி ரோட்டில் நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு பை. அதில் இரண்டு சட்டை, ஒரு கைலி, ஒரு போர்வை. சாயங்கால வெயில் முதுகில் அடித்தது. ரோட்டின் இரண்டு பக்கமும் வேலிக்கருவேல், அதற்கு அப்பால் மழையை நம்பி உழுது போட்டிருந்த கரிசல். அருப்புக்கோட்டை பின்னால் எப்போதோ மறைந்துவிட்டது. பஸ் ஒன்று பக்கத்தில் வந்து வேகத்தைக் குறைத்தது. கண்டக்டர் தெரிந்தவர்தான். ஏறு என்று கையைக் காட்டினார். வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். பஸ்ஸுக்குள் தெரிந்த முகம் இன்னும் இரண்டு இருக்கும். அதில் ஒன்று தன் சட்டைக் காலரைப் பிடித்துக் காட்டி, "இது என்ன கலரு சொல்லு" என்று கேட்கும். அதற்கு நடந்துபோவது தேவலை.

நான் விட்டுவிட்டு வந்தது ஒரு நாற்காலியை. அதற்கு முன் எத்தனையோ வேலையை விட்டிருக்கிறேன், லாரி கிளீனர், செங்கல் சூளை, ஓட்டல், வீடியோ டெக் வாடகைக்கு விடுகிறவரிடம் எடுபிடி. எதையும் விட்டு வரும்போது பின்னால் ஒன்றும் இழுத்ததில்லை. அந்த நாற்காலி மட்டும் இழுத்தது.

எனக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது. இது பள்ளிக்கூடத்திலேயே ஆரம்பித்தது. செம்பருத்திப் பூவுக்கு மண் நிறத்தை அடித்து வைத்ததற்கு வாத்தியார் பிரம்பை எடுத்தார். கவனமில்லாதவன் என்று அவர் நினைத்தார், நானும் அப்படித்தான் நினைத்தேன். எட்டாவதோடு படிப்பு நின்ற பிறகு ஊர் ஊராக அலைந்தேன். லைசென்ஸுக்கு முயன்றபோதுதான் ஒரு கண் டாக்டர் புள்ளி புள்ளியாக அச்சடித்த அட்டைகளைக் காட்டினார். மற்றவர்களுக்கு அந்தப் புள்ளிகளுக்குள் ஒரு எண் தெரியுமாம். எனக்குக் கேழ்வரகைக் கொட்டிவைத்தது போல் வெறும் புள்ளிகள்தான் தெரிந்தன. கண்ணுக்குள் நிறம் வாங்குவதற்கு மூன்று வகைச் செல் இருக்கிறது, அதில் ஒன்று உனக்குப் பிறப்பிலேயே இல்லை, கண்ணாடி போட்டாலும் மருந்து விட்டாலும் வராது என்றார். அவர் சொன்னது இரண்டு நிமிடம் இருக்காது. அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

அவர் சொன்னது எனக்கு உடனே பிடிபட்டது, காரணம் டிவி. எண்பதுகளில் டிவியையும் டெக்கையும் வாடகைக்கு விடும் ஒருவரிடம் இருந்தேன். கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை என்று பரளச்சிப் பக்கம் உள்ள ஊர்களுக்கெல்லாம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவோம். கறுப்பு வெள்ளைப் பெட்டி இருந்தவரை எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. அந்தப் பெட்டி முன்னால் உட்கார்ந்தவர்களில் யாருக்கும் என்னைவிட ஒன்றும் கூடுதலாகத் தெரியவில்லை. கலர் பெட்டி வந்தது. கலரைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு திருகு இருக்கும். அதை நான் கண்ணால் பார்த்துத் திருகியதில்லை, காதால் திருகினேன். "மூஞ்சி பச்சையா இருக்குலே" என்று கூட்டம் கத்தும். திருகுவேன். "இப்ப ரத்தமா இருக்கு" என்பார்கள். திரும்பவும் திருகுவேன். கத்தல் எங்கே நிற்கிறதோ அங்கே கையை எடுத்துவிடுவேன். என்னைப் போல் கலர் வைக்க ஆளில்லை என்று முதலாளி நாலு பேரிடம் சொல்லியிருக்கிறார்.

பெட்டியைத் துடைக்கும்போது திரையில் தண்ணீர்ச் சொட்டு ஒன்று நின்றால் அதற்குள் பொடிப் பொடியாகப் புள்ளிகள் தெரியும். சிவப்பு, பச்சை, நீலம், இந்த மூன்றே மூன்றுதான். உலகத்தில் உள்ள அத்தனை நிறத்தையும் அந்த மூன்றைக் கூட்டிக் குறைத்தே பெட்டி காட்டுகிறது என்று முதலாளி சொன்னார். அந்தப் புள்ளிகளைச் சுட்டு ஒளிர வைக்க, நிறத்துக்கு ஒன்றாக உள்ளே மூன்று துப்பாக்கி இருக்கிறதாம். எனக்குச் சொட்டுக்குள் இரண்டு புள்ளி வெளிச்சமாகத் தெரியும். மூன்றாவது அணைந்த அடுப்பு மாதிரி இருக்கும். டாக்டர் சொன்னதும் அந்தச் சொட்டுதான் நினைவுக்கு வந்தது. ஒரு துப்பாக்கி சுடாத பெட்டி நான்.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. பெட்டியில் சிவப்பு போனால் ஊரே பார்த்துச் சொல்லிவிடும். கண்ணில் போனால் வெளியே யாருக்கும் தெரியாது, கண்ணை வைத்திருக்கிறவனுக்கும் தெரியாது. இல்லாததை இல்லை என்று கண் காட்டுவதில்லை. இருப்பதை வைத்து முழுப் படமாகக் காட்டிவிடுகிறது.

தொண்ணூறுகளின் பாதிக்கு மேல் அருப்புக்கோட்டையில் ஒரு தறிக்கூடத்தில் சேர்ந்தேன். விசைத்தறி, நூல் சேலை. கரை டிசைனை முதலில் கட்டம் போட்ட தாளில் வரைவார்கள். ஒரு கட்டத்துக்கு ஒரு இழை. நிறம் அடித்த கட்டங்களைப் பார்த்து அட்டையில் துளை போட வேண்டும். அந்த அட்டை தறியின் மேலே சுற்றும், துளை இருக்கும் இடத்தில் இழை எழும்பும். நான் துளை போடுகிற ஆள். கட்டங்களை வேகமாக எண்ணுவேன். அடித்ததா அடிக்காததா என்று மட்டும் பார்த்தால் போதும், எந்த நிறம் என்று யாரும் கேட்கவில்லை.

பிறகு முதலாளி மதுரையிலிருந்து பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி வந்தார். சேலையை நெய்யாமலே வியாபாரிக்குத் திரையில் காட்டி ஆர்டர் வாங்கிவிடலாம் என்று அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். அதை ஓட்ட வந்த பையன் ஆறு மாதத்தில் திருப்பூருக்குப் போய்விட்டான். பக்கத்தில் நின்று பார்த்திருந்த நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். எங்கள் தறிக்கூடத்தில் அந்தப் பெட்டியைப் பார்த்து யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. உள்ளே இருந்ததும் கட்டம்தான். கட்டத்தாளைச் சின்னதாக்கிக் கண்ணாடிக்குள் வைத்தது போல் இருந்தது. கிட்டே போனால் படிக்கட்டு மாதிரி கட்டங்கள், தள்ளி வந்தால் கரையில் போடும் மாங்காய்.

அந்தப் பெட்டியில் எனக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று. ஒவ்வொரு நிறத்துக்கும் அங்கே எண் இருந்தது. நூல் கடைக்காரர் கொடுக்கும் நிற அட்டையிலும் ஒவ்வொரு நூல் துண்டுக்குப் பக்கத்தில் எண் உண்டு. எது எதற்குச் சமம் என்பதை அந்தப் பையன் முன்பே பெட்டிக்குள் அடித்து வைத்துவிட்டுப் போயிருந்தான். அரக்கு என்றால் ஒரு எண், கிளிப்பச்சை என்றால் ஒரு எண். நான் எண்ணைப் பார்த்தேன், நிறத்தைப் பார்க்கவில்லை. பிறந்ததிலிருந்து முதல் தடவையாக நிறத்தில் நான் தப்பு செய்யாமல் இருந்தேன். வியாபாரிகள் வந்து உட்கார்ந்து, "அந்தப் பச்சையை இன்னும் கொஞ்சம் கருக்கு" என்பார்கள். எண்ணை மாற்றுவேன். "ஆங், இதுதான்" என்பார்கள். கத்தல் நிற்கும்வரை திருகிய அதே வேலைதான், உட்கார்ந்துகொண்டு செய்தேன், அவ்வளவுதான். ஒரே வேலையில் இரண்டு வருஷம் நான் இருந்தது அந்த நாற்காலியில் மட்டும்தான்.

நாள் முழுக்கத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்ததில் சில விஷயங்கள் தெரிந்தன. பெட்டி நடுக் கட்டத்தையும் மூலைக் கட்டத்தையும் ஒரே மாதிரி வைத்திருக்கும். என் கண்ணுக்கு எந்தக் கட்டத்தைப் பார்க்கிறேனோ அது மட்டும்தான் தெளிவு, மற்றதெல்லாம் தெளிவாக இருப்பது போல் சும்மா ஒரு நினைப்பு. வெயிலிலிருந்து தறிக்கூடத்துக்குள் வந்தால் முதலில் இருட்டு, பிறகு கண் மெதுவாகத் தன்னைக் கூட்டிக்கொள்ளும். பெட்டியால் அது முடியாது. ஜன்னலைத் திறந்துவிட்டால் திரை வெளிறிக் கிடக்கும். ஒரு நிறத்தில் பாவும் வேறு நிறத்தில் ஊடையும் போட்டு நெய்த சேலை ஆடும்போது நிறம் மாறும். அதைத் திரையில் காட்டச் சொல்லி ஒரு வியாபாரி அரைநாள் உட்கார்ந்திருந்தார். கடைசிவரை வரவில்லை. எனக்கு அது சேலையிலும் தெரியாது, திரையிலும் தெரியாது. தலையை மட்டும் ஆட்டினேன்.

கெட்டது ஆயுத பூஜையில் வந்தது. தறிக்கூடத்தில் அந்த நாளில் எல்லாவற்றையும் கழற்றித் துடைப்பார்கள். தறியை, மோட்டாரை, கத்திரிக்கோலை, தராசை. கம்ப்யூட்டரும் ஆயுதம்தானே. முதலாளியின் சம்சாரம், எங்களுக்கெல்லாம் அக்கா, அதன் ஒயரையெல்லாம் பிடுங்கி, ஈரத்துணியால் துடைத்து, திரும்பச் சொருகி, திரையின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்து, ஒரு முழம் பூவும் சுற்றிவிட்டார். சொருகும்போது திரைக்குப் போகும் ஒயரில் ஊசி போல் இருக்கும் கம்பிகளில் ஒன்று வளைந்துவிட்டது. அது சிவப்பைக் கொண்டுபோகும் கம்பி.

மறுநாள் விஜயதசமி. காலையில் பெட்டியைப் போட்டேன். எனக்கு எல்லாம் வழக்கம்போலத்தான் இருந்தது. அரக்குக் கரை எனக்கு எப்போதும் கிட்டத்தட்டக் கறுப்பாகத்தான் தெரியும், அன்றும் அப்படியே இருந்தது. அக்கா பொரிகடலைத் தட்டோடு வந்து திரையைப் பார்த்துவிட்டு, "என்னப்பா, பாசி பிடிச்ச மாதிரி இருக்கு?" என்று கேட்டார். சரியாகத்தான் இருக்கிறது அக்கா என்று சொன்னேன். கம்ப்யூட்டர் தெரிந்தவன் சொல்கிறான் என்று அவரும் போய்விட்டார்.

பதினோரு மணி வாக்கில் ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் வந்தார். ஊரில் பெரிய கடை. வேதக்கார வீடு, கிறிஸ்துமஸுக்கென்று வருஷா வருஷம் எங்களிடம் சந்தன நிற உடம்பு, அரக்குக் கரை என்று மொத்தமாக எடுப்பார். முதலாளி நாற்காலி போட்டார். நான் டிசைனைத் திறந்தேன். கடைக்காரர் நாற்காலியைத் திரைக்குக் கிட்டே இழுத்துப் போட்டுப் பார்த்தார்.

"அண்ணாச்சி, நான் கிறிஸ்துமஸுக்குக் கேட்டேன். நீங்க எழவு வீட்டுக்குக் கரை போட்டு வச்சிருக்கீங்க" என்றார்.

முதலாளி குனிந்து பார்த்தார். நான் அரக்குதான் என்றேன். எண்ணைச் சுட்டிக் காட்டினேன்.

"எங்க வீட்டுப் பொம்பளைக நம்பரையா உடுத்தப் போறாக?" என்றார் கடைக்காரர்.

முதலாளி சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு வரவில்லை. பெட்டி கெட்டுவிட்டது என்று சொல்லி, பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்த மெக்கானிக்கைக் கூட்டிவர ஆளனுப்பினார். அந்த மெக்கானிக் ஒயரைக் கழற்றினான், பேனா முனையால் கம்பியை நிமிர்த்தினான், சொருகினான். சுற்றி நின்ற எல்லோரும் ஒரே நேரத்தில் "ஆங்" என்றார்கள். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெரிதாக எதுவும் மாறவில்லை. திரும்பி அவர்கள் முகங்களைப் பார்த்தேன். சிவப்பு வந்துவிட்டது என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன்.

எப்போதிலிருந்து இப்படி இருந்தது என்று மெக்கானிக் கேட்டான். இப்போதுதான் என்றேன். அக்கா தட்டைக் கீழே வைத்துவிட்டு, வெள்ளந்தியாக, "காலையிலருந்தே அப்படித்தான இருந்துச்சு. நான் கேட்டதுக்கு நீ சரியா இருக்குன்னு சொன்னியேப்பா" என்றார். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. கண்ணால் பார்த்ததைச் சொன்னார்.

முதலாளி என்னை நூல் அறைக்குக் கூட்டிப்போனார். அலமாரியிலிருந்து இரண்டு நூல் சிட்டங்களை எடுத்து இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டார்.

"எது அரக்கு?"

நான் சிட்டத்தில் கட்டியிருந்த சீட்டைப் பார்த்தேன். அவர் என் கண் போகும் இடத்தைப் பார்த்தார். இரண்டு கைக் கட்டைவிரலையும் நகர்த்தி இரண்டு சீட்டையும் மூடினார். இரண்டும் எனக்கு இருட்டாக இருந்தன. வலது கை என்றேன். அது கரும்பச்சை.

அவர் திட்டவில்லை. சிட்டங்களைத் திரும்ப அடுக்கினார். "இம்புட்டு நாளும் எப்படிப்பா ஓட்டுன?" என்று மட்டும் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எண்ணை வைத்து என்றேன். இரண்டு வருஷத்தில் ஒரு சேலையும் தப்பாகப் போனதில்லையே என்றும் சொன்னேன். ஆமாம், போனதில்லை என்று அவரும் ஒத்துக்கொண்டார். ஆனால் கடைக்காரர் வெளியே உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். நிறம் தெரியாத ஆள் போட்ட டிசைனை வாங்கிப்போய் நான் எப்படி விற்பேன், வேறு ஆளை உட்கார வையுங்கள், ஆர்டர் தருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். எங்கள் தறிக்கூடத்துக்கு வருஷத்தில் பெரிய ஆர்டர் அது. முதலாளிக்கு வேறு வழியில்லை, எனக்கும் அது தெரிந்தது.

இரண்டு நாள் கழித்து ஒரு பெண் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். டைப் படித்த பிள்ளை. அவளுக்கு நான்தான் எல்லாம் சொல்லிக்கொடுத்தேன். என்னைத் தார் சுற்றும் பக்கம் போகச் சொன்னார் முதலாளி. ஊடை நூலைச் சின்னக் குச்சியில் சுற்றும் வேலை. கொடுத்த நூலைச் சுற்ற வேண்டியதுதான், நிறம் பார்க்க வேண்டாம். போனேன். வேலை எனக்குப் பெரிதில்லை. அதைவிட மட்டமான வேலை நிறைய பார்த்திருக்கிறேன். ஆனால் தறிக்காரர்கள் விடவில்லை. ஒருத்தன் கைலியைத் தூக்கிக் காட்டி, "மாப்ளே, இது என்ன கலரு?" என்பான். பச்சை என்றால் சிரிப்பு. சிவப்பு என்றாலும் சிரிப்பு, இரண்டு கலரும் அதில் இருக்கிறதாம். டீ கொண்டுவருகிறவர், "அண்ணே, இது டீயா, தண்ணியா?" என்றார். சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தால், "ஏலே, சட்னி தக்காளியா மல்லியா, நக்காமச் சொல்லு பாப்போம்" என்றான் இன்னொருவன். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. எனக்கு அம்மை போட்டிருந்தபோது கஞ்சி கொண்டுவந்து கொடுத்தவன்தான் கைலியைத் தூக்கியவன். அவர்களுக்கு அது அலுக்கவே இல்லை.

அதுகூடப் பரவாயில்லை. கம்ப்யூட்டர் அறைக் கதவு திறந்திருக்கும்போது அந்தப் பிள்ளை உட்கார்ந்திருப்பது தெரியும். அவள் எண்ணைப் பார்ப்பதில்லை. நிறத்தைப் பார்த்தே வேலை செய்தாள். அவள் கண் ஒரு நொடியில் எடுப்பதைத்தான் நான் இரண்டு வருஷமாக எண் எண்ணாகப் பொறுக்கியிருக்கிறேன். ஒரு மத்தியானம் டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி வெளியே வந்தேன். பையை முன்பே டீக்கடையில் வைத்திருந்தேன்.

திருச்சுழிக்கு வந்து சேரும்போது விளக்குப் போட்டிருந்தார்கள். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு டீக்கடையில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. கலர் டிவி. எட்டுப் பத்துப் பேர் நின்று பார்த்தார்கள். நானும் ஒரு டீ வாங்கிக்கொண்டு நின்றேன். திரையில் யாரோ அழுதுகொண்டிருந்தார்கள். பக்கத்தில் நின்றவரிடம் இந்தப் பெட்டியில் கலர் சரியாக இருக்கிறதா என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை. அவர் திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"உனக்குக் கண்ணு தெரியலையாக்கும்?" என்றார்.

டீயைக் குடித்து முடித்தேன். டீக்கடைக்காரரிடம் ஏதாவது வேலை இருக்குமா என்று கேட்டேன். பரளச்சிக்குப் போகும் ரோட்டில் கரிமூட்டம் போடுகிறார்கள், விடிந்ததும் போய்ப் பார் என்றார். கடைக்குப் பின்னால் பெஞ்சில் படுத்துக்கொள்ளவும் விட்டார்.

காலையில் போனேன். வேலிக்கருவேல் கட்டைகளைக் குவித்து, மேலே இலையும் மண்ணும் போட்டு மூடி, உள்ளே நெருப்பை வைத்துப் புகைய விட்டிருந்தார்கள். மூட்டம் வீடு உயரம் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டவர் வயசானவர், வாயில் வெற்றிலை. எந்த ஊர், என்ன வேலை பார்த்தாய் என்று கேட்டார். சொன்னேன். கம்ப்யூட்டர் என்றதும் நம்பவில்லை. பிறகு, காவலுக்கு ஆள் வேண்டும் என்றார். நிழலில் உட்கார்ந்துகொண்டு மூட்டத்தைப் பார்த்தபடி இருக்க வேண்டும். மண் எங்கேயாவது வெடித்து உள்ளே நெருப்பு தெரிந்தால் உடனே மண் அள்ளிப் போட்டு அடைக்க வேண்டும். கவனிக்காமல் விட்டால் மூட்டம் முழுக்கச் சாம்பலாகிவிடும். கரி கொட்டச் சாக்குப் பிடிக்கிற வேலையைவிடக் கூலி கூடுதல், உடம்புக்கும் நோவு இல்லை.

மண்ணில் ஒரு வெடிப்பு விட்டிருந்தது. அவர் அதைக் காட்டி, "அந்தா பாரு, உள்ள கங்கு தெரியுதுல்ல, அந்த மாதிரி" என்றார்.

நான் பார்த்தேன். வெடிப்பு தெரிந்தது. உள்ளே இருட்டாக இருந்தது. தெரிகிறது என்று சொல்லியிருக்கலாம். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, துப்புவதற்கு இடம் தேடிக்கொண்டிருந்தார்.

"தெரியல" என்றேன். "செவப்பு எனக்குத் தெரியாது. பொறப்புலருந்தே."

அவர் துப்பிவிட்டுத் திரும்பினார். "மத்ததெல்லாம்?"

"மத்ததெல்லாம் தெரியும்."

மண்வெட்டியை எடுத்து அந்த வெடிப்பை அவரே அடைத்தார்.

"அப்ப காவலுக்கு ஆக மாட்ட. அங்கிட்டு போயி சாக்கப் பிடி, லோடு நிக்குது."

ஆறிய கரியை இரண்டு பெண்கள் கூடையில் அள்ளிவந்து கொட்டினார்கள். நான் சாக்கு வாயை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒவ்வொரு கூடைக்கும் கரித்தூள் எழும்பிக் கண்ணில் விழுந்தது. முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டு அடுத்த கூடைக்குச் சாக்கை விரித்தேன்.